பின்பால்கனி லேத்தும் கீழ்வீட்டு வீணையும்

நான் கடைந்த முதல் பொருளில்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சப்பாத்தி தேய்க்கிறோம். அது ஒரு பூரிக்கட்டை. நடுவில் லேசாகத் தொப்பை போட்டிருக்கும். அதனால் எங்கள் வீட்டுச் சப்பாத்தி நடுவில் மல் வேட்டி மாதிரி மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் வரும். வெளியூர் விருந்தாளிகள் இது எந்த ஊர்ப் பக்குவம் என்று கேட்டிருக்கிறார்கள். மயிலாப்பூர்ப் பக்குவம் என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பூரிக்கட்டையை முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்த என் கணவர், ஆயுதத்தை வீட்டிலேயே தயாரிக்க ஆரம்பித்துவிட்டாயா என்றார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போய்விடும். அன்றைக்கு மட்டும் வரவே இல்லை. மரத்தைச் சுற்றவிட்டு உளியைக் காட்டியதும் நாடா நாடாவாகச் சீவல் பறந்து என் தலைமுடியிலெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மரத்துக்கும் எனக்கும் முன்பின் உறவு கிடையாது. என் பிழைப்பு பல். தி.நகரில் ஒரு பல் லேபில் இருபத்திரண்டு வருடமாகப் பல்செட் செய்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, பல் வரிசை கட்டி, வேகவைத்து, கடைசியில் மெருகேற்றித் தர வேண்டும். லேபில் மெருகுக்குப் பேர் போனவள் நான்தான். சுற்றும் துணிச்சக்கரத்தில் நான் காட்டி எடுத்த பல்செட்டில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். இந்த வேலைக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. நாக்கும் கன்னமும் படுகிற வெளிப்பக்கம் மின்ன வேண்டும். ஈறோடு ஒட்டுகிற உள்பக்கத்தில் மெருகு கூடவே கூடாது. உள்ளே வழவழப்பாக்கிவிட்டால் பல்செட் பிடிப்பில்லாமல் பேசும்போது கழன்று விழும். இதை எத்தனையோ புதுப் பெண்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் அதிகாரமும் இருக்கும்.

லேத் வந்தது என் கணவரால். அவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. பக்கத்துப் பட்டறையில் வார்ப்புக்கு மர அச்சு செய்துகொண்டிருந்தவர்கள் பெரிய இடத்துக்கு மாறியபோது, ஒரு சின்ன மர லேத்தை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். நான் போனில் யாரோ ஒருவர் மரக் கிண்ணம் கடைவதை வாயைப் பிளந்து பார்ப்பதைக் கவனித்திருந்தவர், அதை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான்கு பேர் சேர்ந்து முதல் மாடிக்குத் தூக்கினார்கள். பின்பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தோம். இதை வாங்கிவந்தது நல்லதா கெட்டதா என்று அவருக்கு இன்றுவரை தெளிவில்லை. ஓணானை மடியில் விட்டுக்கொண்டேன் என்று சில நாள் சொல்வார். சில நாள் சொந்தக்காரர்களிடம் என்னைவிடப் பெருமையாகக் காட்டுவார்.

பூரிக்கட்டைக்குப் பிறகு ஒரு கிண்ணம். அந்த வருட டிசம்பர் புயலில் எங்கள் தெருமுனைப் பூவரச மரம் வேரோடு சாய்ந்தது. மாநகராட்சி ஆட்கள் அறுத்துப் போட்ட துண்டுகளில் இரண்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன். குடம் சுமப்பது போல நான் மரம் சுமந்து வந்ததைத் தெருவே பார்த்தது. அதில் கிண்ணம் கடைய ஆரம்பித்தேன். உட்புறம் குடையக் குடைய மரம் வெண்ணெய் மாதிரி வழிவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனதில் உளி அடிப்பக்கமாக வெளியே வந்து எனக்கு வணக்கம் சொன்னது. ஓட்டை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் மண் நிரப்பி மணிபிளாண்ட் வைத்தேன். தண்ணீர் வடிய வேண்டும் என்று வேண்டுமென்றே துளை போட்டதாக மாமியாரிடம் சொன்னேன். அவரும் நம்பினார், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

அடுத்தது குங்குமச் சிமிழ். மூடி போட்ட சிமிழ். இதில் நான் உண்மையிலேயே உச்சிக்குப் போய்விட்டேன். மூடி அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. திறக்கும்போது 'டொப்' என்று சத்தம் வரும். பார்த்துப் பார்த்து மெருகேற்றி, லேபிலிருந்து துணிச்சக்கரம் கொண்டுவந்து கூடுதலாக மின்னவைத்து, திருவான்மியூரில் இருக்கும் நாத்தனாருக்குக் கொடுத்தேன். வெயில் காலத்தில் கடைந்தது. ஆடி மாத மழையில் மரம் ஊறி, மூடி உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவள் வீட்டில் மூன்று பேர் இழுத்தும் வரவில்லை. குங்குமம் பத்திரமாகத்தான் இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை என்று போனில் சொன்னாள். நான் மரத்தைக் குறை சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பின்னாலிருந்து என் கணவர் முணுமுணுத்தார்.

மரம் வாங்குவது ராயப்பேட்டைப் பக்கம் ஒரு கடைசல் பட்டறையில். பட்டறைக்கார பாய், கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் கால் கடைகிறவர். என் வயதுதான் இருக்கும். வீட்டில் உருதும் கடையில் மெட்ராஸ் தமிழும் பேசுவார். நான் கொண்டுபோகும் சாமான்களை அவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே தவிர, பாராட்டியதாக நினைவில்லை. சிமிழைக் காட்டியபோது மட்டும் வாய் திறந்தார்.

"பளபளன்னு கீது சிஸ்டர். ஆனா பாலீஷ கட்சீல பாத்துக்கலாம். மொதல்ல மூடி இன்னா சொல்லுதுன்னு கேளு."

எனக்கு அது அவர் பொறாமையில் சொன்னதாகப் பட்டது. இருபத்திரண்டு வருட மெருகுக்காரியிடம் பாலீஷைப் பற்றிப் பேசுகிறாரே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இப்படி நான் பாட்டுக்குச் சுகமாக இருந்தபோதுதான் கீழ்வீட்டு மாமி மேலே ஏறி வந்தார்.

எங்களுடையது ஆறே வீடுகள் கொண்ட பழைய கட்டடம். மாட வீதிகளிலிருந்து நடந்து போகும் தூரம். என் வீட்டுக்கு நேர் கீழே இருப்பவர் வீணை டீச்சர். அறுபது வயதுக்கு மேல். காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க வகுப்பு. எனக்கும் லேத்துக்கு நேரம் கிடைப்பது சாயங்காலமும் சனி, ஞாயிறும்தான். நான் என்னவோ சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்துப் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வேலை செய்தேன். பிரச்சினை சத்தம் இல்லையாம். லேத்தின் அதிர்வு தூண் வழியாக இறங்கி அவர் கூடத்துத் தரைக்குப் போகிறது. தரையில் கிடத்தியிருக்கும் வீணையின் தந்திகள் அந்த அதிர்வுக்கு முனக ஆரம்பிக்கின்றன.

"நான் தொடவே இல்லை, வீணை தானாப் பாடறது. குழந்தைகள் எல்லாம் சிரிக்கறதுகள். நான் எப்படிச் சுருதி சேர்க்கறது?"

நியாயமான கேள்வி. அதற்கு நியாயமாக நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு ஒரு மத்துக்கோல் பாதியில் வெடித்து, நான் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக உங்கள் பிள்ளைகள் அதே சரளி வரிசையைத்தான் வாசிக்கிறார்கள், அதற்காக நான் ஒரு நாளாவது கீழே இறங்கி வந்தேனா என்று கேட்டுவிட்டேன். மாமியின் முகம் சுண்டிப்போனது. திரும்பிப் படியிறங்கினார். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் போயிருக்கலாம். போகவில்லை.

மறுநாள் இரண்டாம் மாடியில் இருக்கும் அசோசியேஷன் செயலாளர் வந்து சேதி சொன்னார். குடியிருப்புக்குள் பட்டறை நடத்தக் கூடாது என்று மாமி எழுதிக் கொடுத்திருக்கிறார். நவராத்திரி முடிந்ததும் மீட்டிங். ஆறு வீட்டில் நான்கு வீடு மாமியின் பக்கம். மாமியே மனம் மாறினால் உண்டு. இல்லாவிட்டால் லேத் வந்த வழியே போக வேண்டியதுதான். அதுவரை ஓட்டாமல் இருந்தால் மரியாதை என்றார். லேத்துக்குப் பழைய போர்வை ஒன்றைப் போர்த்தினேன். துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அது யாரோ உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பது போலத் தெரியும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை, இது மட்டும் போகக் கூடாது என்று வாய்விட்டே ஒரு நாள் என் கணவரிடம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை.

நவராத்திரி வந்தது. கொலு வைத்தால் சண்டை போட்டவளையும் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். வெற்றிலை பாக்குக்குக் கோபம் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான்காம் நாள் மாமி படியின் கீழே நின்று, முகத்தைப் பார்க்காமல், சாயங்காலம் வாங்கோ என்றார். நானும் முகத்தைப் பார்க்காமல் வரேன் மாமி என்றேன். போய் உட்கார்ந்தேன். சுண்டல் அருமையாக இருந்தது. அதைச் சொன்னால் தோற்றதாகிவிடுமோ என்று சொல்லாமல் தின்றேன்.

அப்போதுதான் கொலுப் படிக்குப் பக்கத்தில் கிடத்தியிருந்த வீணையைப் பார்த்தேன். தந்தியை முறுக்கும் நான்கு பெரிய திருகுகளில் ஒன்று கழுத்தோடு ஒடிந்து போயிருந்தது. அதற்குப் பிருடை என்று பெயர். மிச்சத்தில் துணியைச் சுற்றித் துளையில் செருகி வைத்திருந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை. பழைய வீணை, துளை தேய்ந்து பெரிதாகிவிட்டது, கடையில் கிடைக்கும் ரெடிமேட் பிருடை எதுவும் பொருந்தவில்லை, வீணை செய்கிறவரிடம் கொடுத்தால் நவராத்திரி கூட்டத்தில் இரண்டு வாரம் ஆகுமாம். விஜயதசமிக் காலையில் புதுப் பிள்ளைகளுக்கு ஆரம்பித்து வைக்க வேண்டும். முப்பது வருடமாக அன்றைக்கு அந்த வீணையில் தான் முதலில் வாசித்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பது வழக்கம் என்று, என்னிடம் இல்லாமல் சுண்டல் கிண்ணத்திடம் சொல்வது போல மாமி சொன்னார்.

நான் கடைந்து தருகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. மாமி முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை துளியும் இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. அவர் தலையாட்டியபோது எனக்குள் ஒரு கணக்கு ஓடியதை மறைக்க மாட்டேன். இந்தப் பிருடை நன்றாக நின்றுவிட்டால் என் லேத்தும் பால்கனியிலேயே நின்றுவிடும்.

மறுநாள் லேபிலிருந்து அச்செடுக்கும் மாவு கொண்டுவந்தேன். ஈறுக்கு அளவெடுப்பது போலத் துளைக்கு அளவெடுத்துவிட்டால் பிசகே இருக்காது என்பது என் யோசனை. துளைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விட்டு, மாவைப் பிசைந்து அடைத்து, இறுகியதும் உருவி எடுத்தேன். ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்து, துளையின் வடிவம் அப்படியே வந்திருந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமி கேட்டார்.

"வீணைக்குப் பல்லு கட்டறேளா?"

கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்த முதல் சிரிப்பு.

பாய் ஒரு பழைய ஈட்டி மரக் கட்டில் காலின் துண்டைக் கொடுத்தார். வீணைக்கு என்றதும் காசு வேண்டாம் என்றுவிட்டார். மத்தியானம் வகுப்பு இல்லாத நேரத்தில் லேத்தை ஓட்டிக்கொள்ள மாமி சம்மதித்தார். லேபுக்கு லீவு சொல்லிவிட்டுப் போர்வையை எடுத்தேன். முதல் பிருடை மெலிந்துவிட்டது. இரண்டாவது, தலைப்பக்கம் கொண்டை கடையும்போது உளி கடித்து விண்டுபோனது. மூன்றாவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைந்தேன். அச்சோடு வைத்துப் பார்த்தால் இம்மி வித்தியாசம் இல்லை. கொண்டையில் பழைய பிருடைகளில் இருந்த அதே இரண்டு வளையம். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கை நிற்குமா? உப்புத்தாளில் கரட்டிலிருந்து நைஸ் வரை ஐந்து ரகம் தேய்த்து, தேன்மெழுகு ஏற்றி, துணிச்சக்கரத்தில் காட்டி, கொண்டை முதல் நுனி வரை கருவிழி போல மின்னவைத்தேன்.

"கண்ணாடி மாதிரின்னா பண்ணியிருக்கேள்," என்றார் மாமி. உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். துளையில் செருகி, நன்றாக அழுத்தித் திருகித் தந்தியை ஏற்றினார். நின்றது. ஒரு மீட்டு மீட்டினார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் கண்ணில் நீர் வந்தது. சங்கீதத்துக்காக என்று மாமி நினைத்திருப்பார். லேத்துக்காகத்தான் வந்தது.

சரஸ்வதி பூஜை அன்று மாமி வீட்டில் வீணைக்கும் புத்தகங்களுக்கும் பூஜை. என் வீட்டில் லேத்துக்கும் உளிகளுக்கும். மரத்தூளையெல்லாம் கூட்டிப் பெருக்கி, லேத்தின் தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, உளிகளை வரிசையாக அடுக்கி, பொரிகடலை படைத்தோம். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபடி கற்பூரம் காட்டி எடுக்கும் வரை தொடக் கூடாது. எடுத்ததும், அன்றைக்கே, கொஞ்சமாவது அதில் வேலை செய்ய வேண்டும். என் கணவர் தன் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு, அடுத்த வருஷமும் இந்த மிஷினுக்குப் பொட்டு வைக்கிற பாக்கியம் கிடைக்கட்டும் என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அது பிரார்த்தனையாகிவிட்டது.

விஜயதசமி அன்று காலை ஐந்தரை மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் மாமி. குளித்து, ஈரத்தலையில் துண்டோடு, கையில் பிருடையோடு நின்றார்.

"கற்பூரம் காட்டி வீணையை எடுத்தேன், இது நிக்கவே மாட்டேங்கறது. திருகறேன், கையை எடுத்தா கிர்ருனு திரும்பிப் போயிடறது. ஏழு மணிக்குக் குழந்தைகள் வந்துடும்."

பிருடையை வாங்கினேன். விரலுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. துளைக்குள் போய் மரத்தை மரம் கவ்வ வேண்டிய இடம் அது. ஈறோடு ஒட்டுகிற உள்பக்கம். அதில் போய் மெழுகேற்றி மெருகேற்றியிருக்கிறேன். அன்றைக்கு அழுத்தின அழுத்தத்தில் ஏதோ ஒப்புக்கு நின்றிருக்கிறது. மறுபடி சுருதி சேர்க்கத் திருகியதும் வழுக்கிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தை நானே மறந்திருக்கிறேன். வேறு யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

தப்பு என்னுடையது மாமி என்றேன். பல்செட் கதையை இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். கையால் தேய்த்தால் ஒரு பக்கம் அதிகமாகி உருட்டு கெட்டுவிடும். லேத்தில் ஏற்றி மேல்தோலை ஒரே சீராக எடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஆனால் இந்த நேரத்தில் லேத்தை ஓட்டினால் கட்டடமே எழுந்துகொள்ளும். மீட்டிங்குக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. அதைவிட, லேத் இன்னும் பூஜையில் இருக்கிறது, கற்பூரம் காட்டவில்லை, நான் குளிக்கக்கூட இல்லை. இதையெல்லாம் நான் சொல்லவில்லை. மாமி பின்பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பொட்டு வைத்த லேத் தெரிந்தது.

"போய் ரெண்டு சொம்பு ஜலத்தை ஊத்திண்டு வந்து கற்பூரத்தை ஏத்து. இன்னிக்கு உனக்கும் முதல் வேலை இதுவாவே இருக்கட்டும்."

அதுவரை என்னை வாங்கோ போங்கோ என்றுதான் சொல்லியிருக்கிறார். நான் குளியலறைக்கு ஓடினேன். தலை சொட்டச் சொட்ட வந்து கற்பூரம் காட்டினேன். மாமி லேத்தைக் கும்பிட்டார். என் கணவர் நெற்றியைச் சொறிந்துகொண்டு ஓரமாக நின்று இந்தக் காட்சியைப் பார்த்தார். பிருடையைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டேன்.

அந்த அமைதியில் லேத் போட்ட சத்தம் எனக்கே பயமாக இருந்தது. உளியின் நுனியை மட்டும் வைத்துக் காகிதம் போல ஒரு சுற்று எடுத்தேன். மெருகெல்லாம் கருப்புத் தூளாக உதிர்ந்தது. கரடு உப்புத்தாளை ஒரே ஒரு தடவை காட்டினேன். அதற்குள் மேல்மாடியில் கதவுகள் திறந்தன. என்ன இது, விடியவில்லை, அதற்குள் இந்த வீட்டில் என்று செயலாளரின் குரல் படியில் இறங்கி வந்தது. நான் ஸ்விட்சை அணைக்கக் கை நீட்டினேன். மாமி என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

"நான்தான் ஓட்டச் சொன்னேன். ஆயிடுத்து, எல்லாரும் உள்ள போங்கோ."

வகுப்பில் பிள்ளைகளை அதட்டும் அதே குரல். படியில் ஏறிப் போகும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

கீழே போய், பிருடையில் கொஞ்சம் சாக்பீஸ் தடவிச் செருகினோம். துளை சற்று உள்வாங்கிக்கொண்டது. மாமி திருகினார். கையை எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அசையவில்லை. மாமி சுருதி சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு, என்னவோ ஒன்றை மெதுவாக வாசித்தார். என் தலையிலிருந்து அவர் கூடத்துத் தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குப் புதுப் பிள்ளைகள் அம்மாக்களோடு வந்தார்கள். தட்டு நிறையப் பழமும் வெற்றிலையும் கொண்டுவந்தார்கள். எட்டு மணிக்கு மேலே என் வீட்டுக்குக் கேட்டது அதே சரளி வரிசை. பூரிக்கட்டையை எடுத்துப் பூரி தேய்த்துக்கொண்டே முழுவதும் கேட்டேன். முதல் நாள் சரளி இப்படித்தான் தட்டுத் தடுமாறி இருக்கும், நான் கடைந்த கிண்ணம் போல. எட்டு மாதம் ஆனால் என்ன, எட்டு வருடம் ஆனால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. சாயங்காலம் போய், அன்றைக்கு நான் பேசியது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமி, அதுக்கென்ன, சுண்டல் எப்படி இருந்ததுன்னு நீ சொல்லவே இல்லையே என்றார்.

பாயிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கட்டில் கால்லயே சொருவுற எடத்துக்கு வார்னிஷ் அடிக்க மாட்டோம் சிஸ்டர். இத இங்கயே கேட்டுக்கினு போயிருக்கலாம்ல," என்றார். கேட்டிருக்கலாம்தான்.

மீட்டிங்கில் நான் பேசத் தயாரித்துக்கொண்டு போன எதையும் பேச வேண்டியிருக்கவில்லை. மாமி தான் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். சனி, ஞாயிறு மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை லேத் ஓடலாம், அந்த நேரத்தில் வகுப்பு வைக்க மாட்டேன் என்றார். லேத்தின் காலுக்கு அடியில் ரப்பர் வைக்க வேண்டும் என்று செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். வைத்தேன். வீணை முன்போல முனகுவதில்லை, கொஞ்சமாக முனகுகிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ கடைந்துவிட்டேன். இப்போது என் சிமிழ் மூடி மழையிலும் திறக்கும். கிண்ணத்துக்கு அடி இருக்கும். நாத்தனாருக்குப் புதுச் சிமிழ் கொடுத்துப் பழையதைத் திருப்பி வாங்கி வைத்திருக்கிறேன்; அது இன்னும் திறக்கவில்லை. முதல் வேலைகளை வரிசையாக வாஷிங் மெஷினுக்கு மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன். சமையலறையில் இருக்கும் பூரிக்கட்டையை விட்டால் அந்த வரிசையில் இல்லாதது பிருடை மட்டும்தான். கொண்டை மின்னிக்கொண்டு, காம்பு சொரசொரவென்று, அது கீழ்வீட்டில் தினமும் வேலை பார்க்கிறது.

விஜயதசமி அன்று காலை குளித்து, கற்பூரம் காட்டி, ஐந்தே முக்காலுக்கு லேத்தை ஒரு நிமிடம் ஓட்டுவது எங்கள் கட்டடத்தில் வழக்கமாகிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. போன வருடம் எனக்குக் காய்ச்சல். கற்பூரத்தை என் கணவரையே காட்டச் சொல்லிவிட்டு, லேத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"என்னடி, சத்தத்தையே காணோம்? நான் வீணையை எடுக்காம உக்காந்துண்டிருக்கேன்."

போர்வையை உதறிவிட்டு எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டேன்.